சிவப்பு ஒட்டாத சாக்குகள்

இருசம்மாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகவே சொல்வாள். வயதைக் கேட்டால் நாற்பத்து நாலில் ஆறைக் கழித்துச் சொல்வாள். பக்கத்து வீட்டுத் திலகா கொடுத்த மீன் குழம்பை வாயில் வைக்க முடியாமல் நாய்க்கு ஊற்றிவிட்டு, "கொழம்புன்னா இதான்லா கொழம்பு" என்று பாத்திரத்தைக் கழுவிக் கொடுப்பாள். ஆனால் புழு விஷயத்தில் மட்டும் அவள் வாயிலிருந்து பொய் வராது. மலாக்காவில் லூபோக் சீனா போகும் சாலையில் இருக்கும், எண்ணெய்க்காக வளர்க்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் பதினோரு வருடமாகப் புழு எண்ணுகிறவள் அவள்தான்.

புழு எண்ணுவது என்ன பெரிய வேலை என்று கேட்கலாம். கேட்கிறவர்கள் ஒருநாள் வந்து எண்ணிப் பார்க்கட்டும். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் செம்பனை மட்டையை வெட்டிக் கீழே தள்ள வேண்டும். ஒவ்வொரு ஓலையாகப் புரட்டினால் அடியில் காய்ந்த சருகைச் சுருட்டி ஒட்டியதுபோலக் குட்டிக் குட்டிப் பைகள் தொங்கும். அதற்குள்தான் புழு இருக்கும். மலாயில் அதற்கு உலாட் புங்குஸ் என்று பெயர், பொட்டலப் புழு. பையை எண்ணினால் போதாது. நகத்தால் கிள்ளித் திறந்து உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செத்தது கணக்கில் சேராது. ஒரு மட்டையில் உயிரோடு பத்துக்கு மேல் இருந்தால் மரம் மொட்டையாகும், தோட்டம் மருந்தடிக்க ஓடும். அதனால் அவள் எழுதும் எண்ணுக்கு மதிப்பு இருந்தது, புதிதாக பிரவின் வந்து சேரும் வரை.

பிரவின் துணை மேனேஜர். விவசாயம் படித்தவன், இருபத்தெட்டு வயது, கெட்டிக்காரன்தான். கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் வாய்வழியாக வழியும், அவ்வளவுதான். ஒரு வியாழக்கிழமை காலைப் பெரட்டில், எழுபது பேர் வரிசையாக நின்று பேர் கொடுக்கும் நேரத்தில், அவன் இருசம்மாளின் நோட்டைத் தூக்கிக் காட்டினான்.

"எட்டாம் பிளாக்கு, மட்டைக்கு முப்பத்தொண்ணு. ஒம்பதாம் பிளாக்கு, நாலு. நடுவுல என்னா இருக்கு, சைனாப் பெருஞ்சுவரா? ஒரு செம்மண் ஜாலான். ரெண்டும் ஒரே வருசம் நட்ட மரம், ஒரே விதை, ஒரே உரம். புழு ரோடு வரைக்கும் வந்துட்டு, பாஸ்போட் இல்லன்னு திரும்பிப் போவுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அடக்கிப் பார்த்த திலகாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மரத்தடியில உக்காந்து கிரா-கிரான்னு மனசுக்கு வந்தத எழுதுனா இப்படித்தான் வரும், அக்கா. அடுத்த மாசத்துலேர்ந்து டிரோன் வந்து படம் புடிக்கும். ரெண்டு பிளாக்குக்கும் சேத்து மருந்தடிக்கப் போறோம். நீங்க திங்கக்கெழமலேர்ந்து உதிரிப் பழம் பொறுக்கப் போங்க."

உதிரிப் பழம் பொறுக்குவது கேவலமான வேலை இல்லை. ஆனால் எழுபது பேர் முன்னால் பொய்க்காரி என்று சொல்லி அனுப்பும்போது எந்த வேலையும் கேவலம்தான். இருசம்மாளுக்கு முகம் எரிந்தது. பதினோரு வருடத்தில் எத்தனை மழை, எத்தனை அட்டைக்கடி. ஒருநாளாவது ஒரு புழுவைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருப்பாளா?

அன்றைக்கென்று நிரஞ்சனி வந்தாள். மலாக்கா டவுனில் இருக்கும் சோதனைக்கூடத்திலிருந்து வருடத்துக்கு ஒருமுறை இலை மாதிரி எடுக்க வருகிறவள். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், அளந்து பேசுவாள், வெயிலுக்கு அஞ்ச மாட்டாள். செம்பனையில் எந்த இலையை வேண்டுமானாலும் கிள்ளிக்கொண்டு போய்ச் சோதிக்க முடியாது. பதினேழாவது மட்டைதான் வேண்டும். உச்சியில் முழுதாக விரிந்தது ஒன்றாவது மட்டை. அதற்குச் சற்றுச் சாய்வாகக் கீழே ஒன்பதாவது, அதற்கும் கீழே பதினேழாவது. இடப்பக்கம் சுழலும் மரமும் உண்டு, வலப்பக்கம் சுழலும் மரமும் உண்டு. அண்ணாந்து பார்த்தவுடன் பதினேழைக் காட்டக்கூடிய ஆள் அந்தத் தோட்டத்தில் ஒருத்திதான்.

"இருசம்மா அக்கா இல்லாமல் நான் மட்டை எடுக்க மாட்டேன்" என்று நிரஞ்சனி ஆபீசில் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை வரைதான் என்று பிரவின் விட்டுக்கொடுத்தான்.

எட்டாம் பிளாக்கில் முதல் மட்டை விழுந்ததும் நிரஞ்சனி இலையைத் தொட்டுப் பார்த்தாள். கரும்பச்சையாக, குழந்தைக் கன்னம்போல் மெத்தென்று இருந்தது. பிறகு அடி மட்டை ஒன்றை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அவள் புருவம் சுருங்கியது.

"என்ன மேடம்?"

"இப்ப ஒண்டும் சொல்ல மாட்டன், அக்கா. லேப் சொல்லட்டும்."

அந்த வார்த்தை இருசம்மாளின் மண்டையில் விளக்கேற்றியது. லேப் சொன்னால் பிரவின் கேட்பான். இலையும் புழுவும் இருப்பது ஒரே மட்டையில்தானே! அவள் நிரஞ்சனியிடம் காலையில் நடந்த அத்தனையையும் கொட்டினாள். மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்:

"வழக்கமா பிளாக்குக்கு ஒரு இலைப் பொட்டலம்தானே கட்டுவீங்க? இந்தத் தடவ மரத்துக்கு ஒரு பொட்டலம் கட்டுங்க மேடம். இங்க பன்னெண்டு, அங்க பன்னெண்டு. ஒவ்வொரு மரத்துக்கும் நான் புழுவ எண்ணி எழுதறேன். என் கணக்க நீங்க பாக்கக் கூடாது. ஒங்க கணக்கு எனக்கும் தெரியக் கூடாது. ரெண்டும் ஒட்டுதா இல்லியான்னு பாப்போம்."

இருபத்துநாலு பொட்டலம் என்றால் நிரஞ்சனிக்கு ஒரு வாரத்து வேலை கூடும். "ஒட்டாமல் போனால்?"

"போனா பழம் பொறுக்குறேன். வாய தொறக்க மாட்டேன்."

மாலையில் இருசம்மாள் நேராக பிரவினிடம் போனாள். மடித்த தாளை அவன் மேசைமேல் வைத்தாள்.

"இதுல இருபத்துநாலு மரத்துக் கணக்கு இருக்கு. ஒறையில போட்டு ஒட்டி, நீங்களே கையெழுத்து வச்சு, ஒங்க டிராயர்ல பூட்டிக்குங்க. மேடத்தோட கணக்கு வந்தப்புறம் தொறந்து படிங்க. தப்பா இருந்தா என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. சரியா இருந்தா, எந்த வாயால பெரட்டுல சொன்னீங்களோ, அதே வாயால அதே பெரட்டுல சொல்லணும்."

பிரவினுக்குச் சிரிப்பு வந்தது. "போலே" என்று மலாயில் சம்மதம் சொல்லி, உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமை அவள் உதிரிப் பழம் பொறுக்கப் போனாள். மூன்று வாரம் போனாள். முதுகு வலித்தது. அதைவிட, "எண்ணிப் போடு இருசு, பழத்தையாவது சரியா எண்ணு" என்று வந்த கிண்டல் வலித்தது. அவளுடைய உண்மையான பயம் வேறு. ஆபீஸ் சுவரில் உர அட்டவணை தொங்கியது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஒரே யூரியா, ஒரே பொட்டாஷ், கடந்த இரண்டு வருடத்துக்கும் ஒரே அளவு, அப்போது வேலையை மேற்பார்த்த பழைய மண்டோரின் கையெழுத்தோடு. ஒரே சோறு தின்றால் ஒரே உடம்புதானே இருக்கும்? இலை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்துவிட்டால் அவள் கணக்கு காற்றில் போகும். ஊரைக் கூட்டி மானத்தை வாங்கிக்கொண்டோமோ என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை பிற்பகல், மிளகாய் காயவைக்கச் சாக்கு கேட்டுத் திலகா வந்தாள். உரம் போட்டு முடித்த பிளாக்கின் காலிச் சாக்குகளை மண்டோர் எண்ணிப் பார்த்த பிறகு, அந்தப் பிளாக்கில் வேலை செய்யும் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போவது தோட்டத்து வழக்கம். கோழிக்கூண்டுக்குக் கூரையாக, வாசலில் மிதியடியாக, எல்லாவற்றுக்கும் அதுதான். உரம் போடும் நாட்களில் இருசம்மாளும் திலகாவோடு எட்டாம் பிளாக்கில் உரம் போடுவாள், அதனால் அந்தச் சாக்கு இவர்கள் இரண்டு பேருக்கும் உரியது. இருசம்மாள் கட்டை அவிழ்த்துப் போட்டாள்.

"ஒங்கிட்டயும் எல்லாம் வெள்ளையா?" என்றாள் திலகா. "ரெண்டு வருசமா நமக்கு நல்ல காலம்லா. முன்ன எல்லாம் பாதி செவப்பா வரும், மூணு தண்ணியில அலசுனாலும் போவாது. ஒருவாட்டி தெரியாம எங்க வீட்டுக்காரு வெள்ளச் சட்டையோட ஊறவச்சு, அந்த மனுசன் தைப்பூசத்துக்கு ரோஸ் சட்டையில போனாரு."

இருசம்மாள் சிரிக்கவில்லை. கையில் இருந்த சாக்கைத் திருப்பினாள். அடுத்ததைத் திருப்பினாள். கட்டு முழுவதையும் உதறினாள். யூரியா வெள்ளை, அதன் சாக்கில் கறை ஒட்டாது. பொட்டாஷ் செங்கல் தூள்போல் சிவப்பு, அதன் சாக்கு உட்புறம் சிவந்துதான் வரும். இரண்டு வருடமாக எட்டாம் பிளாக்கிலிருந்து சிவந்த சாக்கு ஒன்றுகூட வரவில்லை. அலச வேண்டாம் என்ற சந்தோஷத்தில் அவர்கள் ஏன் என்றே கேட்கவில்லை.

"திலகா, யூரியாவ நாம ரெண்டு தடவ போட்டது ஞாபகம் இருக்கா?"

திலகாவுக்கு ஞாபகம் இருந்தது. யூரியா போட்ட அன்று மாலையே பேய்மழை. மறுநாள் பழைய மண்டோர் வந்து பார்த்தார். மரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் இல்லை. போடவே இல்லை என்று கத்தி, ஸ்டோரில் மிச்சமிருந்த யூரியாவை இன்னொரு முறை போடவைத்தார். போட்டாயிற்று என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. அடுத்த வருடமும் அதே கூத்து. பொட்டாஷ் போட்டது, அல்லது போடாமல் விட்டது, வேறு ஒரு குத்தகைக் கும்பல். செம்மண்ணில் சிவப்பு உரம் கிடக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? மண்டோர் காலிச் சாக்கை எண்ணினார். யூரியா இரண்டு மடங்கு வந்ததால் எண்ணிக்கை சரியாக இருந்தது. நிறம்தான் சரியாக இல்லை. அதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"வாய மூடிக்கிட்டு இரு" என்றாள் திலகா பயந்துபோய். "தவள தன் வாயால கெடும். ரெண்டு தடவ கொட்டுனது நம்ம கைதானே?"

இருசம்மாள் சாக்குகளை மடித்து வைத்தாள்.

புதன்கிழமை காலை மேனேஜர் மரியதாசன் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மரியதாசன் முப்பது வருட அனுபவசாலி, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். நிரஞ்சனி ஒரு நீளத் தாளை விரித்து வைத்திருந்தாள்.

"யூரியா தாற தழைச்சத்து கூடி, பொட்டாஷ் தாற சாம்பல் சத்து குறைஞ்ச மரத்தை முதலில எழுதியிருக்கிறன். அப்படியே வரிசையாக் கீழே வந்து, ரெண்டும் சரியா இருக்கிற மரம் கடைசியில. பிரவின், உங்கட உறையைத் திறந்து, நான் சொல்லுற மரத்துக்குப் புழுக் கணக்கை வாசியுங்கோ."

பிரவின் தன் கையெழுத்தைத் தானே கிழித்தான்.

"எட்டாம் பிளாக், ஐந்தாம் மரம். தழைச்சத்து ரெண்டு தசம் ஒன்பது எட்டு, சாம்பல் சத்து பூச்சியம் தசம் ஐந்து எட்டு."

"நாப்பத்திரண்டு" என்று வாசித்தான் பிரவின்.

"எட்டு, பதினொண்டு."

"முப்பத்தொம்பது."

"எட்டு, இரண்டு."

"முப்பத்தாறு." அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. முப்பத்தைந்து, முப்பத்துமூன்று என்று படிக்கட்டில் இறங்குவதுபோல எண்கள் இறங்கின. இருசம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"எட்டு, ஏழாம் மரம்."

"மூணு!" பிரவின் நிமிர்ந்தான். பள்ளிக்கூடத்துப் பையன்போல் முகம் மலர்ந்தது. "மூணுதான் போட்டிருக்கு. இலை மோசம், புழு மூணு. பாத்தீங்களா சார், ஒட்டல!"

"தாளத் திருப்புங்க" என்றாள் இருசம்மாள்.

திருப்பினான். பின்பக்கம் மூலையில் பென்சிலில் எழுதியிருந்தது: ஏழாம் மரம், கெரெங்கா கூடு இரண்டு.

"அந்தச் செவப்பு எறும்பு கூடு கட்டுன மரத்துல புழு தங்குமா? அத எண்ணப்போயி நான் கடி வாங்குனது இன்னும் தடிச்சு கெடக்கு, காட்டவா?"

மரியதாசன் வாய்விட்டுச் சிரித்தார். பிரவின் மற்றதை அமைதியாக வாசித்து முடித்தான். ஒன்பதாம் பிளாக் மரங்கள் எல்லாம் வரிசையின் அடியில் ஆறு, ஐந்து, ஐந்து, மூன்று என்று வந்து நின்றன. இடையில் ஒன்றிரண்டு மரம் ஒரு படி மேலே கீழே இருந்தது, அவ்வளவுதான்.

"ஏன் இப்படி?" என்று கேட்டார் மரியதாசன்.

"சாம்பல் சத்து இல்லாட்டி, வாற தழைச்சத்தை இலை முழுசா உடம்பாக் கட்டாது, சேர். பாதி வேலையிலயே இலைக்குள்ள கிடக்கும். புழுவுக்கு அது அரைச்சு வச்ச மாவு. தோலும் மெல்லிசு. தின்னுறதுக்குக் கஷ்டமே இல்லை. அடி மட்டையில ஆரஞ்சுப் புள்ளி விழுறதும் சாம்பல் சத்துக் குறைவின்ர அடையாளம்தான். ஒரு தோட்டத்தை வச்சு உலகத்துக்கே சட்டம் சொல்ல ஏலாது. ஆனா இந்த ரெண்டு பிளாக்கில இலையும் புழுவும் ஒண்டாப் போகுது. அக்காவின்ர கணக்கு அச்சொட்டாச் சரி."

மரியதாசன் சுவரைப் பார்த்தார். "உரம் ஒன்றுதானே போட்டிருக்கு? பிறகு இலை எப்படி மாறும்?"

இருசம்மாள் அப்படியே வெளியே வந்திருக்கலாம். அவள் கணக்கு ஜெயித்துவிட்டது, மானம் திரும்பிவிட்டது. ஆனால் காரணம் தெரியாமல் போனால் எட்டாம் பிளாக் மரம் மொட்டையாகும். அவள் எண்ணியதற்கு என்ன அர்த்தம்?

"நான் சொல்றேன் சார்" என்றாள். சாக்கைச் சொன்னாள், மழையைச் சொன்னாள், தன் கையால் இரண்டாம் முறை கொட்டியதையும் சொன்னாள்.

"அப்பவே சொல்லியிருக்கணும், இருசம்மா."

"சொல்லியிருந்தா அடுத்த நாளு எனக்கு வேலை இருந்திருக்குமா சார்?"

மரியதாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து தொப்பியை எடுத்தார்.

எல்லோரும் எட்டாம் பிளாக்குக்குப் போனார்கள். சாக்கு வரவில்லை என்றால் உரம் எங்கேயோ இருக்க வேண்டும். ரப்பர் காலத்துப் பால் கொட்டகை ஒன்று பிளாக்கின் கோடியில், பாலம் உடைந்த ஓடைக்கு இந்தப் பக்கம், கொடி மண்டிக் கிடந்தது. பிளாக்கில் வேலையாக இருந்து அரிவாளோடு கூடச் சேர்ந்துகொண்ட திலகாதான் கொடியை வெட்டி இழுத்தாள். உள்ளே கித்தான் போர்த்தி, இரண்டு வருடத்துப் பொட்டாஷ் மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஓடையைத் தாண்டிச் சுமக்க அலுத்தவர்கள் இறக்கிய இடத்திலேயே விட்டுப் போயிருந்தார்கள். மழை புகுந்து எல்லாம் கல்லாக இறுகியிருந்தது. ஒரு சாக்கு கிழிந்து, தரையில் சிவப்பாக வழிந்து உறைந்திருந்தது.

பிரவின் குனிந்து அதைத் தொட்டான். விரலைப் பார்த்தான். பிறகு இருசம்மாளைப் பார்த்தான். அவனுக்கும் வெட்கம் என்று ஒன்று இருந்தது, அது காதுவரை ஏறியது.

மறுநாள் வியாழக்கிழமை. பெரட்டில் எழுபது பேரும் நின்றார்கள். பிரவின் கையில் அதே நோட்டு.

"போன மாசம் இதே எடத்துல நின்னு, இருசம்மா அக்கா கிரா-கிரா எழுதுறாங்கன்னு சொன்னேன். அது தப்பு. அவங்க ஒரு புழுவக்கூட கூட்டல, கொறைக்கல. எண்ணாம பேசுனது நான்தான். மாப் சொல்றேன், அக்கா." நோட்டைப் புரட்டினான். "எட்டாம் பிளாக்குல யூரியா நிறுத்தியாச்சு. நாளைக்குப் பொட்டாஷ் போடறோம். மொட்டையாகுற மரத்துக்கு மட்டும் மருந்து. எங்கன்னு அக்கா காட்டுவாங்க."

எந்த வரிசையில் இருந்தோ திலகா விசிலடித்தாள். பிறகு மொத்தப் பெரட்டும் கைதட்டியது. இருசம்மாள் மூன்று வாரமாகப் பழம் பொறுக்கும்போது இந்த நாளுக்கென்று காரமாக நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வர, "நோட்டக் குடுங்க சார், வெயில் ஏறுது" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு வருடமும் சில மாதங்களும் ஓடின. கம்பெனியின் வேறொரு தோட்டத்திலிருந்து நாலு அதிகாரிகள் எட்டாம் பிளாக்கைப் பார்க்க வந்தார்கள். இலை விறைப்பாக இருந்தது, அடி மட்டையில் ஆரஞ்சுப் புள்ளி குறைந்திருந்தது. திலகா ஒரு பதினேழாவது மட்டையை வெட்டிச் சாய்த்தாள். இருசம்மாள் குத்தவைத்து உட்கார்ந்து ஓலை ஓலையாகப் புரட்டினாள். பிரவின் பக்கத்தில் பேனாவோடு நின்றான்.

"எவ்ளோக்கா?"

"ஆறு."

அவன் மட்டையைப் பார்க்கவே இல்லை. எழுதப் போனான்.

"முப்பத்தொன்று ஆறாக இறங்கியதா? இன்னொரு ஆளை விட்டு எண்ணிப் பார்க்க வேண்டாமா?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"வேணாம் சார்" என்றான் பிரவின். "அக்கா எண்ணிட்டாங்க."

"இருங்க, இருங்க" என்றாள் இருசம்மாள். கடைசிப் பையை நகத்தால் கிள்ளித் திறந்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். உள்ளே புழு காய்ந்து செத்திருந்தது.

"அஞ்சுன்னு போடுங்க."